வெள்ளிக்கிழமை பூட்டிய இரண்டு எண்கள்

செண்பகவல்லி நிரபராதி என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் இன்னும் வெளியே வரவில்லை. ஜெயில் என்று ஒன்று இருந்தால் தீர்ப்பு நகலைக் காட்டிக் கதவைத் திறக்கச் சொல்லிக் கூட்டி வந்திருப்பேன். இப்போது ஜெயிலும் கிடையாது, கதவும் கிடையாது. ஒரு எண்தான் இருக்கிறது.

என் பெயர் புஷ்பலதா. திருச்சியில் வக்கீல். காசு கொடுக்க முடியாதவர்களின் வழக்குகள்தான் என்னிடம் வரும். மூட்டு வலி வந்த பிறகு அவையும் வராமல் இருந்தால் தேவலை என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

தண்டனை நேர்மைச் சட்டம் வந்தபோது ஊரே கைதட்டியது. அதற்கு முன்னால் ஆயுள் தண்டனை வாங்கியவன் ஏதாவது ஒரு தலைவரின் பிறந்தநாளில் மாலையோடு வெளியே வருவான். ஆள் பலம் உள்ளவனுக்குப் பரோல், இல்லாதவனுக்குக் கம்பி. இதற்கு முடிவு கட்டுகிறோம் என்று கணிதம் படித்த சிலர் ஒரு வழி சொன்னார்கள். ஆளை அடைக்க வேண்டாம், அவன் பெயரை அடைத்தால் போதும். கைரேகை, கண், பிறப்பு, படிப்பு, உறவு எல்லாம் அடங்கிய அடையாளக் கோப்பை மிகப் பெரிய ஒரு எண்ணால் பூட்டிவிடுவது. அடையாளம் இல்லாதவருக்குப் பஸ்ஸில் இடமில்லை, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, வேலை இல்லை, வாடகைக்கு வீடு இல்லை, பெற்ற பிள்ளையும் இல்லை. ஊருக்கு வெளியே முகாமில் சோறு கிடைக்கும். எங்கே வேண்டுமானாலும் நடந்து போகலாம். போய் என்ன செய்வது?

ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு எந்திரம் உண்டு. அது இரவு பகலாக ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்கும். முப்பது வருடத் தண்டனை என்றால் முப்பது வருடம் ஓடக்கூடிய கணக்கு. கணக்கு முடிந்தால் பூட்டு தானாகத் திறக்கும். அதற்கு முன்னால் திறக்க வேண்டுமென்றால் அந்தப் பெரிய எண் எந்த இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது என்று தெரிய வேண்டும். பூட்டிய கையோடு அந்த இரண்டையும் பூட்டுப் போடும் எந்திரமே அழித்துவிடும். 'அமைச்சர் நினைத்தாலும் திறக்க முடியாது' என்பதுதான் விளம்பரமே. பூட்டிய பிறகு ஒருவர் நிரபராதி என்று தெரிந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கைதட்டலில் காதில் விழுந்திருக்காது.

செண்பகவல்லி ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். அங்கே தயாரான சளி மருந்தைக் குடித்துப் பதினான்கு பிள்ளைகள் செத்துப்போனார்கள். மருந்து சரியாக இருக்கிறது என்று ஒப்புதல் போயிருந்தது அவளுடைய கம்ப்யூட்டர் கணக்கிலிருந்து. முதலாளி ராஜமாணிக்கத்துக்கும் அவளுக்கும் ஒரே நாளில் தீர்ப்பு, ஆளுக்கு முப்பது வருடம். ஏழு வருடம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. ஒப்புதல் போன அன்று செண்பகவல்லி வேலைக்கே போகவில்லை. நான்கு வயது மகளுக்கு அம்மை போட்டிருந்தது, வேப்பிலையும் கையுமாக வீட்டில் இருந்தாள். அவள் கணக்கில் புகுந்து ஒப்புதல் கொடுத்தவன் ராஜமாணிக்கம்.

தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு, பூட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் தண்டனைக் கணிப்பகத்துக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது. தீர்ப்பு கவனத்தில் கொள்ளப்பட்டது, உரிய காலத்தில் பூட்டு திறக்கும். உரிய காலம் என்பது இன்னும் இருபத்தோரு வருடம்.

இதற்கிடையில் அவள் மகள் நறுமுகைக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது. அப்பா இல்லாத பிள்ளை. சித்தப்பா குடும்பம்தான் வளர்க்கிறது. நல்லவர்கள்தான், குறை சொல்ல முடியாது. அவர்கள் கனடாவுக்குக் குடிபோகிறார்கள், அதற்கு வசதியாக அவளை முறைப்படி தத்து எடுக்க மனு போட்டிருந்தார்கள். அடுத்த மாதம் விசாரணை. பெற்ற தாய் ஆட்சேபம் சொல்லலாம், ஆனால் மனுதாரருக்குப் பெயர் வேண்டும். பூட்டியிருக்கும் பெயரோடு வந்தால் கோர்ட்டுப் பதிவு எந்திரம் மனுவையே உள்ளே விடாது.

என் மாடியில் குடியிருப்பவர் ரவூஃப். கல்லூரியில் கணக்கு வாத்தியார், நாற்பது வயதிலேயே அறுபது வயதுக்காரர் மாதிரி பெருமூச்சு விடுவார். செண்பகவல்லியின் எண்ணை அவரிடம் காட்டினேன். அறுநூற்றுச் சொச்சம் இலக்கம், ஒரு பக்கம் முழுக்க வெறும் எண்.

"இது பகு எண் மேடம். அது மட்டும் உறுதி. ஒரு சோதனை இருக்கு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள சொல்லிடும், இது சின்ன எண்களப் பெருக்கி வந்ததுதான்னு. எந்த எண்கள்னு மட்டும் சொல்லாது."

"உடையும்னு தெரியுது, எங்க உடையும்னு தெரியல?"

"அவ்வளவுதான். சாட்சி பொய் சொல்றான்னு தெரியும், எது பொய்யின்னு தெரியாது. நீங்க தெனம் பாக்கறதுதான?"

"உலகத்துல இருக்கற எந்திரத்த எல்லாம் சேத்து விட்டா?"

"சூரியனே அணைஞ்சிடும், இது உடையாது. அந்த முப்பது வருஷக் கணக்கையும் பங்கு போட முடியாது. ஒரு படி முடிஞ்சாத்தான் அடுத்த படி. இட்லி மாவச் சுத்தி நாலு பேரு உக்காந்தா சீக்கிரம் புளிச்சிடுமா?"

சரி, ஆகாத காரியம் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரவூஃப் கீழே இறங்கி வந்தார். கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு, முகத்தில் சவக்களை.

"பேப்பர் திருத்தச் சலிப்பா இருந்துச்சு மேடம். தண்டனை எண்கள் எல்லாம் பொதுத் தளத்துலதான கெடக்கு. ரெண்டு ரெண்டா எடுத்து, பொதுவா ஏதாவது காரணி இருக்கான்னு பாக்கச் சொல்லிக் கம்ப்யூட்டர்ல போட்டுவிட்டேன். ஒரே ஒரு ஜோடிக்கு இருந்துச்சு."

"யாரு?"

"செண்பகவல்லி எண்ணும் ராஜமாணிக்கம் எண்ணும்."

எனக்குப் புரியவில்லை. அவர் விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். "தனித்தனியா ரெண்டையும் எவனாலயும் உடைக்க முடியாது. பக்கத்துல பக்கத்துல வச்சா உடைஞ்சிடும். மீப்பெரு பொதுக் காரணி. பெருசச் சின்னதால வகுத்து மீதி எடுத்து, அந்த மீதியால சின்னத வகுத்து, அப்படியே போவோமே. ஆறாங்கிளாஸ் கணக்கு மேடம். டீ ஆறறதுக்குள்ள வந்துடுச்சு."

நான் எழுந்தே விட்டேன். முழங்கால் வலித்ததுகூடத் தெரியவில்லை. ரவூஃப் எழவில்லை.

"சந்தோஷப்படாதீங்க. அந்தப் பொது எண்ணு ரெண்டு பேருக்கும் சாவி. செண்பகவல்லி பூட்ட எதால திறந்தீங்கன்னு கோர்ட்டுல எழுதிக் குடுக்கணும்ல? தீர்ப்புல அச்சாகும். அன்னிக்குச் சாயந்திரமே ராஜமாணிக்கம் ஆளுங்க அவன் எண்ண அதால வகுத்துப் பாப்பாங்க."

"யாருக்கும் தெரியாம இவ மட்டும் திறந்துகிட்டா?"

"தாராளமாத் திறக்கலாம். கோப்பும் பொதுவுலதான் இருக்கு. நாளைக்கு ஜட்ஜு முன்னால பேரோட போய் நின்னா, எப்படித் திறந்துச்சுன்னு கேப்பாரே. என்ன சொல்வீங்க?"

அது எனக்கே தெரியும். பொய் சொல்லி வாங்கிய பிள்ளையை எந்தக் கோர்ட்டும் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். அவளுக்கு வேண்டியது வெறும் பெயர் இல்லை, மகள். மகள் கோர்ட்டு வழியாகத்தான் வருவாள்.

இரண்டு பூட்டுக்கும் ஒரே எண் எப்படி வந்தது என்று தெரியாமல் மனு போட்டால் மோசடி என்று தள்ளிவிடுவார்கள். அதனால் இருவரும் கணிப்பகத்துக்குப் போனோம். பெரிய கொட்டகை, வரிசையாக எந்திரங்கள், ஓயாத விசிறிச் சத்தம். ஒவ்வொரு எந்திரத்தின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். பூட்டுப் போடும் வேலை பார்க்கும் கோதண்டபாணி ஓய்வு பெறும் வயதில் இருந்தார். மருந்து கேஸில் வந்த இரண்டு எண்களைப் பற்றி, என்று நான் ஆரம்பித்தேன்.

"அந்த வெள்ளிக்கிழமதானம்மா? ராகு காலந்தான் காரணம்" என்றார்.

ஒன்பது வருடம் கழித்தும் மறக்கவில்லையே, மனசாட்சி உறுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது இதுதான். பூட்டுப் போடுவதற்கென்று தனியாக ஒரு எந்திரம், ஒருத்தருக்குப் போட்டதும் அதை அணைத்துவிடுவார்கள். துடைத்து, சூடம் காட்டி, மறுபடி போட்டுத்தான் அடுத்தவருக்கு. எந்த விதியிலும் இது கிடையாது. ஒருத்தர் பாவம் இன்னொருத்தர் மேல் ஒட்டக்கூடாது என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம். மறுபடி போட்ட பிறகு அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போவார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டு தீர்ப்பும் பத்து மணிக்குத்தான் வந்தன. பன்னிரண்டுக்குள் பூட்டியாக வேண்டும் என்று ஆணை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

"ராகு காலத்துல ஒரு ஆளோட பேரப் பூட்டறதா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கில்ல? மொதலாவத எந்திரத்தப் போட்ட உடனே பூட்டினேன். அப்புறம் அணைச்சு, துடைச்சு, போட்ட உடனே ரெண்டாவதையும் பூட்டிட்டேன். பத்தரைக்கு எல்லாம் முடிஞ்சுது" என்றார்.

ரவூஃப் தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது எனக்கு விளக்கினார். "போட்ட உடனே எந்திரத்துக்குத் தல கால் புரியாது மேடம். அறையோட சூடு, சத்தம், விசைப்பலகையில கை படறதுன்னு கொஞ்சங்கொஞ்சமாச் சேத்துத்தான் யாரும் யூகிக்க முடியாத எண்ண எடுக்கும். அதுக்குத்தான் அரை மணி. ரெண்டு தடவையும் தூக்கத்துலேந்து எழுப்பின கையோட கேட்டா, ரெண்டு தடவையும் அதே முதல் எண்ணத்தான் தரும். அடுத்த எண்ணு வர்றதுக்குள்ள கொஞ்சம் முழிச்சிக்கும், அதனால அது மட்டும் வேற. பாவம் ஒட்டக்கூடாதுன்னு அணைச்சாரு பாருங்க, அதுலதான் ஒட்டிக்கிச்சு."

முகாமில் யாரும் செண்பகவல்லி என்று கூப்பிடுவதில்லை. அவள் எண் எழுபத்தொன்றில் முடியும், அதனால் எழுபத்தொண்ணு. சமையல்கட்டில் வேலையாக இருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் வந்தா அவனும் வருவான்" என்றாள்.

"ஆமா."

"ஒம்பது வருஷம் அவன் செஞ்சதுக்கு நான் இருந்தேன். இப்ப அவனுக்குப் பூட்டா வேற நான் இருக்கணுமா?" பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "போடுங்க வக்கீலம்மா. எனக்கு எம்புள்ள வேணும்."

நான் வண்டி வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலேயே ஓடி வந்தாள். "மணப்பாறையில அமலோற்பவம்னு ஒரு அக்கா இருக்காங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம். நீங்க கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு, பஸ்ஸுல என்ன ஏத்த மாட்டாங்க."

அமலோற்பவத்தை எனக்குத் தெரியும். பதினான்கு பிள்ளைகளில் அவளுடைய சார்லஸும் ஒருவன், மூன்று வயது. முதல் தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் செண்பகவல்லியின் மேல் செருப்பை வீசியவள். நிரபராதி என்று தெரிந்ததும் முகாமுக்கு வந்து, மன்னிப்புக் கேட்க வாய் வராமல், ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனவளும் அவள்தான்.

நாங்கள் போனபோது பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் பிழைப்பு. ஒரே நிறத்தில் கால்சட்டைகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து, கணக்கை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள். என் பூட்டைத் திறந்தால் அவன் பூட்டும் திறந்துவிடும் அக்கா, என்ன செய்யட்டும் என்றாள்.

அமலோற்பவம் தையல் மிஷினிலிருந்து காலை எடுக்கவே இல்லை. மிஷின் நின்ற பிறகும் கால் அதன் மேலேயே இருந்தது.

"அவன் எங்கயோ ஒரு வீட்டுல பேரில்லாம, நோவு வந்தா ஒரு டாக்டர்கிட்டகூடப் போக முடியாம உக்காந்திருக்கான்னு நெனச்சித்தான் நான் கண்ண மூடறேன். அதையும் எடுத்துட்டா எனக்கு வேற என்ன இருக்கு? உன் புள்ள எங்கயோ ஒரு எடத்துல இருக்கு, சாப்பிடுது, படிக்குது." சொல்லிவிட்டு அழுதாள். "நான் சொல்றது நியாயம் இல்லதான். எனக்கே தெரியுது. ஆனா என்னக் கேட்டியே, அதனால சொல்றேன். வேணாம் செண்பகம்."

செண்பகவல்லியைத் திரும்பக் கூட்டி வந்தேன். முகாம் வாசலில் இறங்கும்போது மனு போட வேண்டாம் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? அவ வேணாம்னு சொன்னா உம்புள்ளய விட்டுடுவியா? நான் எதுக்கு ரெண்டு வருஷமா அலையறேன்?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

"அவங்களுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான் வக்கீலம்மா. எம்புள்ள உசுரோட இருக்கால்ல. கணக்கு முடிஞ்சு பேரு வந்ததும் நானே போய்ப் பாத்துக்கறேன்."

"அதுக்குள்ள அவளுக்கே கல்யாணம் ஆகிப் பிள்ள பொறந்திருக்கும்."

"பாத்தா சரி" என்றாள்.

விசாரணை நாளில் நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆட்சேபம் யாரும் சொல்லாததால் தத்து உறுதியாயிற்று. அவர்கள் கிளம்பிய அன்று செண்பகவல்லியை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே விட மாட்டார்கள், அதனால் புதுக்கோட்டை ரோட்டோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றோம். எந்த விமானம் என்று தெரியவில்லை. மூன்று போயின. மூன்றையும் மறையும் வரை பார்த்தாள்.

அதற்கப்புறம் சில வாரங்கள் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு நிலத் தகராறில் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். நான் கேள்வியை முடிப்பதற்குள் அந்த ஆள் பதில் சொன்னான். இருபத்தெட்டு வருடமாக நான் சொல்லும் வாசகத்தையே அன்றும் சொன்னேன். "கேள்வி முடியறதுக்கு முன்னாலயே பதில் வருது, யுவர் ஆனர். இந்தக் கேள்விய இவர்கிட்ட ஏற்கெனவே யாரோ கேட்டிருக்காங்க."

சொல்லி முடித்ததும் அந்த வெள்ளிக்கிழமதானம்மா என்று நான் கேட்டு முடிக்கும் முன்பே கோதண்டபாணி சொன்னது காதில் கேட்டது. வாய்தா வாங்கிக்கொண்டு நேரே கணிப்பகத்துக்குப் போனேன்.

அவர் மறைக்கவில்லை. மறைக்கிற தெம்பு அவருக்கும் இல்லை போலிருந்தது.

"வந்தாங்கம்மா. பூட்டின மறுவருஷமே வந்தாங்க. ராஜமாணிக்கத்தோட வக்கீலு, கூட ஒரு கணக்கு வாத்தியாரு. நீங்க கேட்டதேதான் கேட்டாங்க. நானும் இதேதான் சொன்னேன்."

"மேல சொல்லலையா?"

"சொன்னேன். வெளிய தெரிஞ்சா சட்டமே சிரிப்பாச் சிரிச்சிடும், வாய மூடிட்டு வேலயப் பாருன்னாங்க."

"எங்ககிட்ட ஏன்யா சொல்லல?"

"ரெண்டுக்கும் ஒரே எண்ணு எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்க, சொன்னேன். அவன் திறந்துட்டானான்னு நீங்க கேக்கலயேம்மா." அவர் கைகாட்டிய இடத்தில் ராஜமாணிக்கத்தின் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியில் அன்று காலை வைத்த சந்தனம் ஈரமாக இருந்தது. "நிறுத்தச் சொல்லி ஆர்டர் வரல. அதனால அது பாட்டுக்கு ஓடுது."

ரவூஃப் தேடிப் பார்த்தார். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. வடக்கே ஒரு ஊரில், சொந்தப் பெயரிலேயே, குழந்தைகளுக்கான சத்துமாவுக் கம்பெனி நடத்துகிறான். உடம்பு பெருத்து, மாலை போட்டு, ரிப்பன் வெட்டும் படம் இருந்தது. பெயர் எப்படித் திறந்தது என்று எந்த ஊர் எந்திரமும் அவனைக் கேட்டிருக்காது. காலத்துக்கு முன்னால் திறக்கவே முடியாது என்பதுதானே சட்டம், பிறகு எதற்குச் சோதனை வைப்பார்கள்? அவனுக்குப் பணம் இருந்தது, அதனால் முகாமுக்கும் அவன் ஒருநாளும் வந்ததில்லை. அங்கே ஆளைக் காணோமே என்று தேடவும் யாருமில்லை.

என்னால் தாங்க முடியாதது வேறு ஒன்று. அவன் பூட்டைத் திறக்க வேண்டுமென்றால் செண்பகவல்லியின் எண்ணைப் பக்கத்தில் வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த நிமிடமே அவளுடைய பூட்டும் அவர்கள் கையில் திறந்திருக்கிறது. எட்டு வருடமாக அவள் பெயர் அவர்களிடம் இருந்தது. அவள் நிரபராதி என்பதும் அவனுக்குத் தெரியும். ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே வீட்டுக்குப் போயிருப்பாள்.

முகாமுக்குப் போய்ச் சொன்னேன். செண்பகவல்லி முதலில் நம்பவில்லை. படத்தைக் காட்டினேன். அப்புறம் அவள் அழுத அழுகையை நான் எழுத விரும்பவில்லை. எம்புள்ளய நானே அனுப்பிட்டேனே, நானே அனுப்பிட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டுப் பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வக்கீல் என்று பார்க்கவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் முகத்தைத் துடைத்தாள். "மனு போடுங்க. எம்பூட்டத் திறந்து எம்பேருலயே போடுங்க. அதுக்கு முன்னாடி அந்த அக்காகிட்ட நான் சொல்லிடணும். டிவியில பாத்துத் தெரிஞ்சிக்கக் கூடாது."

மணப்பாறைக்கு மறுபடியும் போனோம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், யூனிஃபார்ம் கட்டுகள் வாசல் வரை வந்திருந்தன. அமலோற்பவம் எங்களைப் பார்த்ததும் டீ போட எழுந்தாள். செண்பகவல்லி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவன் வெளியே வந்து எட்டு வருடம் ஆகிறது அக்கா என்றாள்.

நான் எதிர்பார்த்த மாதிரி அமலோற்பவம் அலறவில்லை. மடியில் கிடந்த கால்சட்டையின் நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"யாராலயும் திறக்க முடியாதுன்னாங்களே. எப்படித் திறந்தானுங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"தனித்தனியா இருந்தா உடையாது. ரெண்டு எண்ணையும் பக்கத்துல வச்சா, ஒரு வகுத்தல் கணக்குல வந்துடும்மா."

"பெரிய கணக்கா?"

"இல்ல. ஆறாவதுல சொல்லிக் குடுக்கறதுதான்."

அவள் தலையை ஆட்டினாள். "சார்லஸ் இருந்திருந்தா இப்ப ஆறாவது முடிச்சிருப்பான்" என்றாள்.

அவளே எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை போட மறந்திருந்தாள், நாங்கள் அப்படியே குடித்தோம். அதன்பின் செண்பகவல்லியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் வேணாம்னு சொன்னதாலதான உம்புள்ள போச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வக்கீலம்மா, மனுவுல என் பேரையும் போடுங்க. தனித்தனியா இருந்தா உடையாதுன்னுதான சொன்னீங்க? நான் கோர்ட்டுல வந்து நிக்கறேன். அவன் பேரு இப்ப திறந்துதான இருக்கு. திறந்த பேருக்குத்தான சம்மன் அனுப்ப முடியும்?"

நான் இருபத்தெட்டு வருட வக்கீல். எனக்கு அது தோன்றவில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து, முதல் மனுதாரர் செண்பகவல்லி என்று எழுதினேன். அதற்குக் கீழே அமலோற்பவம் என்று எழுதி, அப்பா பெயர் என்னம்மா என்று கேட்டேன்.